பெம்மிகன் மூட்டை போன வழி

காட்டெருமைத் தோலை மயிர்ப்புறம் வெளியே இருக்கும்படி மடித்து, அதே விலங்கின் தசைநாரை நூலாக்கித் தைத்த மூட்டை அது. தையல் வழியே ஈரம் புகாமலிருக்க மேலே உருக்கிய கொழுப்பைப் பூசியிருப்பார்கள். எடை 90 பவுண்டு, ஏறத்தாழ 41 கிலோ. உள்ளே இருப்பது பெம்மிகன். உலர்த்தி இடித்த காட்டெருமை இறைச்சியும் உருக்கிய கொழுப்பும் ஏறக்குறையச் சரிபாதியாகக் கலந்து இறுகிய உணவு. இன்று மானிடோபா, சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா என்று கனடாவின் மாகாணங்களாக இருக்கும் பெரும் புல்வெளியில் 1780 முதல் 1880 வரை நடந்த அரசியலை இந்த மூட்டையின் பின்னாலேயே நடந்துபோய்ப் பார்த்துவிடலாம்.

நெடுங்காலம் அந்த வரலாற்றை எழுதியவர்கள் பீவர் என்ற விலங்கின் தோலைத்தான் பின்தொடர்ந்தார்கள். ஐரோப்பியக் கனவான்களின் தொப்பிக்கு அந்த ரோமம் வேண்டியிருந்தது; அதைத் தேடிக் கம்பெனிகள் கண்டத்தின் உட்புறத்துக்குப் போயின; அவற்றின் பின்னால் பேரரசு போனது. இவ்வளவும் உண்மைதான். ஆனால் தோலைச் சுமந்த மனிதன் வழியில் என்ன சாப்பிட்டான், அதை யார் சமைத்துக் கொடுத்தார்கள் என்று யாரும் அழுத்திக் கேட்கவில்லை. அண்மைக்கால ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். ‘பெம்மிகன் எம்பயர்’ என்ற நூலை எழுதிய ஜார்ஜ் கால்பிட்ஸ் அவர்களில் முக்கியமானவர். அவர்கள் காட்டும் கணக்கில் தோல் லாபத்தைத் தந்தது. அந்த லாபத்தைச் சாத்தியமாக்கியது உணவு. உணவோ பூர்வகுடிகளின் கையில் இருந்தது.

பெண்கள் செய்த வேலை

வேட்டை முடிந்த களத்தில் பெண்களின் வேலை தொடங்கும். இறைச்சியை அகலமான மெல்லிய தகடுகளாக வார்வது முதல் வேலை. கத்தி சற்றுத் தடித்து இறங்கினாலும் நடுப்பகுதி காயாது, அழுகிவிடும். வார்ந்ததை மரச்சட்டங்களில் தொங்கவிட்டு வெயிலிலும் காற்றிலும் உலர்த்துவார்கள். மழை மிரட்டினால் கீழே சிறு நெருப்பு மூட்டுவார்கள். நம் வீடுகளில் கொடியில் காயும் உப்புக்கண்டம் நினைவுக்கு வரலாம். ஆனால் இதில் உப்பே கிடையாது. முறுகக் காய்ந்ததும் தோல்விரிப்பில் கொட்டி, கல்லாலோ தடியாலோ பஞ்சுபோல் ஆகும்வரை அடிப்பார்கள். இன்னொரு பக்கம் கொழுப்பு உருகிக்கொண்டிருக்கும். நல்லி எலும்புகளை நொறுக்கிக் கொதிக்கவைத்து எடுத்த மஜ்ஜைக் கொழுப்புக்குத் தனி மதிப்பு. சாஸ்கட்டூன் என்ற கருநீலப் பழத்தை உலர்த்திச் சேர்த்தால் அது உயர்ந்த ரகம். எல்லாவற்றையும் கலந்து தோல்பையில் திணித்து, ஆறுவதற்குள் மிதித்துத் தட்டையாக்கித் தைத்துவிடுவார்கள். நன்றாகச் செய்த மூட்டை ஆண்டுக்கணக்கில் கெடாது.

இதில் கொழுப்பு ருசிக்காகச் சேர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. கொழுப்பில்லாத இறைச்சியை மட்டும் உண்பவர் வயிறு நிறைந்தும் சில வாரங்களில் சோர்ந்து நோயில் விழுவார். தானியம் விளையாத வடக்கில் உடலை ஓட்டும் ஆற்றல் கொழுப்பிலிருந்துதான் வரவேண்டும். பெண் காட்டெருமையின் உடலில் கொழுப்பு நன்றாகப் பிடித்திருக்கும், இறைச்சியும் மென்மை. அதனால் வேட்டைக்காரர்கள் பசுக்களையே தேடிப்போனார்கள். ஒரு பசுவுக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை. ஒவ்வொரு மூட்டையும் ஈனவேண்டிய ஒரு பசுவை மந்தையிலிருந்து எடுத்துக்கொண்டே போனது. இந்தக் கணக்கின் விளைவு எழுபது எண்பது ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது.

க்ரீ, அசினிபாயின் மக்களுக்கும் அவர்களுடைய அண்டைக் குடிகளுக்கும் பெம்மிகன் குளிர்காலத்துக்கான சேமிப்பு, விருந்தில் வைப்பது, அண்டையாரோடு பண்டமாற்றுக்குக் கொடுப்பது. கம்பெனிகள் வருவதற்கு மிக முன்பே அது இப்படிக் கை மாறிக்கொண்டிருந்தது. கம்பெனிகள் அதற்கு ஒரு புதிய வாயைக் கொண்டுவந்தன. அந்த வாய்க்குப் பசி அடங்கவே இல்லை.

தோணியில் ஏறிய மூட்டை

1778இல் பீட்டர் பாண்ட் என்ற வணிகர் வடமேற்கின் அதபாஸ்கா பகுதிக்குள் நுழைந்தார். அங்கே கிடைத்த பீவர் தோல் மிக உயர்ந்த தரம். சிக்கல் தூரத்தில் இருந்தது. மான்ட்ரியாலிலிருந்து அங்கே போக ஆறும் ஏரியுமாக 4,000 கிலோமீட்டருக்கு மேல் தோணி வலிக்கவேண்டும். பனிக்கட்டி உடையும் மே மாதத்துக்கும் மறுபடி உறையும் அக்டோபருக்கும் இடையில் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். வழியில் நிறுத்தி வேட்டையாடவோ மீன் பிடிக்கவோ நேரமில்லை. உணவைத் தோணியில் நிறைய ஏற்றினால் சரக்குக்கு இடமில்லை.

மான்ட்ரியாலிலிருந்து சுப்பீரியர் ஏரி வரை தோணிக்காரர்கள் மக்காச்சோளமும் கொழுப்பும் சாப்பிட்டார்கள். அதற்கு அப்பால் மேற்கே பெம்மிகன். ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்குப் பச்சை இறைச்சி என்றால் 8 பவுண்டு தரவேண்டும். பெம்மிகன் என்றால் 2 பவுண்டுக்குள் போதும். விடியலுக்கு முன் தொடங்கி இருட்டும்வரை துடுப்புப் போட்டு, அருவிகள் வரும் இடங்களில் தலா 90 பவுண்டு கட்டுகள் இரண்டை நெற்றிப்பட்டையில் மாட்டி முதுகில் சுமந்து கடந்த மனிதர்களின் சாப்பாடு அது. பெம்மிகன் மூட்டையும் அதே 90 பவுண்டு. புல்வெளிப் பெண்களின் கைவேலை கம்பெனியின் சரக்கு அளவுக்குத் தக்கபடி மாறியிருந்தது.

1793இல் அலெக்சாண்டர் மெக்கன்சி கண்டத்தைக் கடந்து பசிபிக் கரையை அடைந்தபோது, திரும்பும் வழிக்கென்று இடையிடையே பெம்மிகனைப் புதைத்துவைத்துவிட்டுப் போனார். பாடப்புத்தகங்கள் அந்தப் பயணத்தைத் தனிமனிதத் துணிச்சலாகச் சொல்கின்றன. துணிச்சலுக்குக் குறைவில்லை. அதற்குச் சோறு போட்டது இன்னொருவர் உழைப்பு.

இப்படி, மான்ட்ரியாலிலிருந்து தோணிகளை அனுப்பிய வடமேற்குக் கம்பெனியின் வணிகம் முழுவதும் ஒரே உணவின் மேல் நின்றது. சிவப்பாறு, அசினிபாயின் ஆறு ஆகியவற்றின் கரைகளில் வாங்கிய பெம்மிகன் வின்னிபெக் ஏரிக்குப் போய்ச் சேரும். வடக்கே போகும் தோணிகள் அங்கே ஏற்றிக்கொள்ளும். அந்த ஆற்றுவழியை யார் அடைத்தாலும் கம்பெனியின் கழுத்து நெரியும்.

தடையாணை

1811இல் அதன் போட்டியாளரான ஹட்சன் விரிகுடாக் கம்பெனி அந்த இடத்திலேயே செல்கர்க் பிரபு என்ற ஸ்காட்லாந்துக்காரருக்கு நிலம் கொடுத்தது. 1,16,000 சதுர மைல். 1670இல் இங்கிலாந்து மன்னர் எழுதிக்கொடுத்த பட்டயத்தை வைத்து அந்தக் கம்பெனி அதைத் தன் சொத்தாகக் கருதியது. அங்கே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தில் ஆட்டுப் பண்ணைகளுக்காகப் பூர்விக நிலத்திலிருந்து விரட்டப்பட்ட குடியானவர்களும் அங்கே குடியேற வந்தார்கள். நிலமிழந்தவர்களை இன்னொருவர் நிலத்தில் இறக்கிவிட்ட ஏற்பாடு அது.

1812இல் முதல் குழு வந்து சேர்ந்தது. முதல் குளிர்காலத்தில் அவர்கள் தெற்கே பெம்பினாவுக்குப் போய், காட்டெருமை வேட்டைக்காரர்களை அண்டித்தான் உயிர் பிழைத்தார்கள். அந்த வேட்டைக்காரர்களில் பலர் மேட்டி மக்கள். பூர்வகுடித் தாய்மார்களுக்கும் பிரெஞ்சு, ஸ்காட்லாந்து வணிகத் தந்தையருக்கும் பிறந்த பிள்ளைகளின் வழி உருவாகி, தனக்கென மொழியும் வழக்கமும் கொண்ட தனி இனமாக எழுந்த சமூகம் அது. பெம்மிகன் செய்து கம்பெனிக்கு விற்பது அவர்களின் வாழ்வாதாரம்.

குடியேற்றத்தின் ஆளுநர் மைல்ஸ் மக்டானல் 1814 ஜனவரி 8 அன்று ஓர் ஆணை பிறப்பித்தார். இறைச்சி, மீன், தானியம், காய்கறி எதுவாக இருந்தாலும் ஓராண்டுக்கு அந்த நிலத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. மேலும் குடியேறிகள் வருகிறார்கள், அவர்களுக்கு உணவு வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். பசித்தவர்கள் பக்கம் நின்று படித்தால் ஆணை நியாயமாகத் தெரியும். வடமேற்குக் கம்பெனி அதைத் தன் தோணிகளை நிறுத்தும் சூழ்ச்சியாகப் படித்தது. அப்போது அமெரிக்காவோடு பிரிட்டனுக்குப் போர் நடந்துகொண்டிருந்ததால் பேரேரிகள் வழியாக உணவு வருவதும் நிச்சயமில்லாமல் இருந்தது. மேட்டி மக்களோ, தங்கள் பெண்கள் இடித்துத் தைத்த மூட்டைமேல் நேற்று வந்தவர் அதிகாரம் செலுத்துவதைக் கண்டார்கள்.

ஆளுநரின் ஆட்கள் வடமேற்குக் கம்பெனியின் கிடங்கில் நுழைந்து நூற்றுக்கணக்கான மூட்டைகளைப் பறிமுதல் செய்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் இரண்டாவது ஆணை வந்தது: குதிரைமேல் விரட்டிக் காட்டெருமை வேட்டையாடக் கூடாது. குதிரை விரட்டினால் மந்தை எட்டிப் போய்விடும், நடந்து வேட்டையாடும் குடியேறிகளுக்குக் கிடைக்காது. முதல் ஆணை உணவை விற்பதைத் தடுத்தது என்றால் இரண்டாவது அதை உண்டாக்குவதையே தடுத்தது. வரலாற்றில் இதற்குப் பெம்மிகன் போர் என்று பெயர் நிலைத்தது.

செவன் ஓக்ஸ்

1815இல் வடமேற்குக் கம்பெனி சுமார் 140 குடியேறிகளைப் பேசிக் கிழக்கே அனுப்பியது, மக்டானலைக் கைதுசெய்து கொண்டுபோனது, வீடுகள் எரிந்தன. எஞ்சியவர்களோடு குடியேற்றம் மறுபடி எழுந்தது. புதிய ஆளுநராக ராபர்ட் செம்பிள் வந்தார். ஆறுகள் கூடும் முனையில் இருந்த வடமேற்குக் கம்பெனியின் கோட்டையை அவர் தரப்பு பிடித்து இடித்தது. பெம்மிகன் இறங்கும் ஆற்றுவழி அடைபட்டுப்போனது.

மேட்டி தலைவர் கத்பர்ட் கிராண்டுக்கு அப்போது இருபதைத் தாண்டிய வயது. 1816 மே மாதத்தில் அவருடைய ஆட்கள் ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் பெம்மிகன் படகுகளை ஆற்றில் மறித்துக் கைப்பற்றினார்கள். அந்த மூட்டைகளை வின்னிபெக் ஏரியில் காத்திருக்கும் தோணிகளிடம் சேர்க்கவேண்டும். ஆறு அடைபட்டிருந்ததால் வண்டியில் ஏற்றி, குடியேற்றத்தின் கோட்டையைச் சுற்றித் தரைவழியே கிளம்பினார்கள். ஜூன் 19 மாலை, செவன் ஓக்ஸ் என்ற இடத்தில், சுமார் இரண்டு டஜன் ஆட்களோடு செம்பிள் அவர்களை எதிர்கொண்டார். வார்த்தை தடித்தது, துப்பாக்கி வெடித்தது. சிறிது நேரத்துக்குள் செம்பிள் உட்பட 21 பேர் அவர் தரப்பில் இறந்துகிடந்தார்கள். மேட்டி தரப்பில் ஒருவர் இறந்தார்: பத்தோஷ் என்று அழைக்கப்பட்ட லெத்தாந்தர் குடும்பத்து இளைஞர்.

சோல்ட்டோ மக்களின் தலைவர் பெகுயிஸ், கிடந்த உடல்களை எடுக்கவும் உயிர் தப்பியவர்களைக் காக்கவும் உதவினார். மேட்டி பாடகர் பியேர் ஃபால்கன் அந்த வெற்றியைப் பாட்டாகக் கட்டினார். விசாரிக்க வந்த ஆணையர் வில்லியம் கோல்ட்மன், முதல் குண்டு ஆளுநர் தரப்பிலிருந்துதான் வந்திருக்கவேண்டும் என்று முடிவுக்கு வந்தார். அவர் அறிக்கை பின்னர் மறக்கப்பட்டது. 1891இல் அங்கே நினைவுத்தூண் நின்றது. பள்ளிப் புத்தகங்கள் நெடுங்காலம் ‘படுகொலை’ என்றே எழுதின. ஒரு மோதல் எப்படிப் படிப்படியாகப் படுகொலைக் கதையாக வளர்ந்தது என்பதை வரலாற்றாய்வாளர் லைல் டிக் 1991இல் ஆவணம் ஆவணமாகப் பிரித்துக் காட்டினார். ஆங்கிலேயக் குடியேறிகள் மானிடோபாவில் பெரும்பான்மையாகி, தங்கள் வருகைக்கு ஒரு தியாகக் கதை தேவைப்பட்ட காலத்தில்தான் அது கெட்டிப்பட்டது. கதையில் மூட்டைகள் காணாமல் போயின. உணவைக் கொண்டுபோன ஊழியர்கள் வெறியர்களாகிவிட்டார்கள்.

மேற்கே நகர்ந்த மந்தை

இரு கம்பெனிகளும் மோதிக் களைத்து 1821இல் ஹட்சன் விரிகுடாக் கம்பெனி என்ற பெயரில் ஒன்றாயின. பெம்மிகன் தேவை குறையவில்லை. சஸ்காட்செவன் ஆற்றங்கரையில் கார்ல்டன், பிட், எட்மண்டன் கோட்டைகள் பெம்மிகன் வாங்கும் கிடங்குகளாயின.

மேட்டி மக்களின் கோடை வேட்டை ஓர் ஊரே நடந்து போவதைப் போன்றது. 1840இல் உடன் சென்ற அலெக்சாண்டர் ராஸ் எழுதிவைத்த கணக்கு: 1,630 பேர், 1,210 வண்டிகள். ஆணி ஒன்றுகூட இல்லாமல் மரமும் தோல்வாரும் கொண்டு செய்த வண்டிகள். மசகு போடாத அச்சின் கிறீச்சொலி மைல் கணக்கில் கேட்கும். வேட்டைக்குத் தலைவரும் காவலர்களும் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். உத்தரவுக்கு முன் மந்தைமேல் பாயக் கூடாது, கூட்டத்தைவிட்டுப் பிரியக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை வேட்டை கூடாது. முதல்முறை மீறினால் சேணமும் கடிவாளமும் வெட்டி எறியப்படும். மூன்றாம் முறை சவுக்கடி. பிரெண்டா மக்டூகல், நிக்கோல் சென்ட்-ஓன்ஜ் ஆகியோரின் ஆய்வு இந்தக் கூட்டங்களைக் கட்டிவைத்த கயிற்றைக் கண்டெடுத்தது. அக்கா தங்கைகள், மாமியார் மருமகள்கள் என்று பெண்வழி உறவுதான் யார் யாரோடு வேட்டைக்குப் போவது என்பதைத் தீர்மானித்தது.

மந்தை ஆண்டுக்கு ஆண்டு மேற்கே விலகியது. பின்தொடர்ந்தவர்கள் அடுத்தவர் நிலத்துக்குள் போனார்கள். 1851 ஜூலையில் கிராண்ட் கோட்டோ மேட்டில் சுமார் 70 மேட்டி வேட்டைக்காரர்கள் வண்டிகளை வளையமாக நிறுத்திப் பெரிய டகோட்டா படையை இரண்டு நாள் எதிர்த்தார்கள். 1850களின் கடைசியில் குவப்பெல் பகுதி க்ரீ மக்கள் சபை கூடி முடிவெடுத்தார்கள்: வெள்ளையரும் மேட்டிகளும் எங்கள் நிலத்தில் வேட்டையாட வேண்டாம், உலர் இறைச்சியும் பெம்மிகனும் வேண்டுமானால் எங்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள். மந்தை அழிந்துவருவதை அவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள். உணவைத் தங்கள் கையிலேயே வைத்திருக்க முயன்றார்கள்.

1871 வாக்கில் காட்டெருமைத் தோலைத் தொழிற்சாலைத் தரத்துக்குப் பதனிடும் முறை ஐரோப்பாவில் வந்தது. அதன்பின் எல்லைக்குத் தெற்கே அமெரிக்காவில் தோலை மட்டும் உரித்துக்கொண்டு இறைச்சியை அழுகவிட்ட வேட்டை தொடங்கியது. வடக்கே 1877இல் வடமேற்குப் பிரதேசக் கவுன்சில் காட்டெருமைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து, மறு ஆண்டே திரும்பப் பெற்றது. 1879 வாக்கில் கனடாவின் புல்வெளியில் மந்தை இல்லை.

மூட்டை எதிர்த்திசையில்

இதற்குள் நிலம் கைமாறியிருந்தது. ஹட்சன் விரிகுடாக் கம்பெனி 3,00,000 பிரிட்டிஷ் பவுண்டுக்குத் தன் உரிமையைக் கனடாவிடம் விட்டுக்கொடுத்தது. 1874இல் நான்காம் ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் தலைவர் பாஸ்க்வா கம்பெனி அதிகாரியைக் காட்டி, எங்கள் நிலத்துக்கு நீங்கள் வாங்கிய பணம் எங்களுக்கு வரவேண்டியது என்று கேட்டார். 1876இல் ஆறாம் ஒப்பந்தத்தின்போது க்ரீ தலைவர்கள் வாதாடி ஒரு விதியைச் சேர்க்கவைத்தார்கள்: பஞ்சமோ கொள்ளைநோயோ வந்தால் அரசு உதவவேண்டும். வரப்போவதை அறிந்து கேட்ட விதி அது.

பஞ்சம் வந்தது. அரசுக் கிடங்குகளில் மாவும் பன்றி இறைச்சியும் இருந்தன. ஒதுக்கப்பட்ட குடியிருப்புக்குப் போகிறவர்களுக்கே உணவு என்றார்கள் அதிகாரிகள். செலவைக் குறைக்க, மக்கள் பட்டினியின் விளிம்புக்கு வரும்வரை உணவு மறுக்கப்படுகிறது என்று பிரதமர் ஜான் ஏ. மக்டானல்டே 1882இல் நாடாளுமன்றத்தில் சொன்னார். ஒப்பந்தத்தில் கையொப்பமிட மறுத்து ஆறாண்டு நின்ற தலைவர் பிக் பேர், தன் மக்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்ததால் அந்த டிசம்பரில் கையொப்பமிட்டார். ஜேம்ஸ் டாஷக் 2013இல் வெளியிட்ட ‘கிளியரிங் த பிளெய்ன்ஸ்’ இந்தப் பட்டினியை அரசின் கோப்புகளிலிருந்தே எடுத்து வைத்தது. இயற்கையின் சீற்றம் என்று சொல்லிவந்த சாவுகளில் நிர்வாக முடிவின் கை இருப்பதை அந்த நூலுக்குப் பின் மறுப்பது கடினம்.

நூறாண்டு முன்பு உணவு புல்வெளி மக்களிடமிருந்து கம்பெனிக்குப் போனது. இப்போது அரசிடமிருந்து அவர்களுக்கு வந்தது, நிபந்தனையோடு. கொடுப்பவராக இருந்தவரை பேரம் பேசினார்கள். வாங்குபவரானதும் கட்டளை கேட்கவேண்டியிருந்தது. 1885 ஏப்ரல் 2 அன்று ஃபிராக் லேக்கில் உணவு மறுத்துவந்த அரசு முகவர் உட்பட 9 பேரைக் க்ரீ போராளிகள் கொன்றார்கள். சில நாட்களில் பழைய பெம்மிகன் கிடங்கான பிட் கோட்டையும் அவர்கள் வசமானது. மே மாதத்தில் மேட்டி மக்கள் கனடா அரசோடு மோதிய கடைசிப் போர் நடந்த ஊரின் பெயர் பத்தோஷ். செவன் ஓக்ஸில் இறந்த இளைஞரின் அதே லெத்தாந்தர் குடும்பப் பெயரால் அமைந்த ஊர். நவம்பரில் மேட்டி தலைவர் லூயி ரியெல் தூக்கிலிடப்பட்டார். அதே மாதம் பேட்டில்ஃபோர்டில் பூர்வகுடியினர் 8 பேரை ஒரே நாளில் தூக்கிலிட்டார்கள்.

பெம்மிகன் மட்டும் பிழைத்தது. மாட்டிறைச்சியில் செய்து தகரத்தில் அடைத்த பெம்மிகனோடு துருவப் பயணி பியரி வடக்கே போனார். அமுண்ட்சனும் ஸ்காட்டும் பெம்மிகனை உண்டபடியே தென்துருவம் அடைந்தார்கள். புல்வெளியில் பெம்மிகன் செய்த பெண்களின் பேத்திகள் அப்போது ரேஷன் மாவுக்குக் காத்திருந்தார்கள்.

இன்றைய கணக்கு

பொருளியல் ஆய்வாளர்கள் டான் ஃபெயர், ராப் கில்லசோ, மேகி ஜோன்ஸ் மூவரும் இந்தக் கதையை அளவுகளில் தேடினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் காட்டெருமையை நம்பிய புல்வெளி மக்கள் உலகிலேயே உயரமானவர்களில் சேர்ந்தவர்கள். நல்ல உணவின் அடையாளம் அது. மந்தை அழிந்தபின் பிறந்தவர்களிடம் அந்த உயரம் காணாமல் போனது. காட்டெருமையை நம்பியிருந்த சமூகங்களின் வருமானம் மற்றப் பூர்வகுடிச் சமூகங்களைவிட இன்றும் கணிசமாகக் குறைவு. அடுப்பில் நேர்ந்த இழப்பு நான்கைந்து தலைமுறையின் உடம்பிலும் கணக்குப் புத்தகத்திலும் தொடர்கிறது.

2014இல் எல்லையின் இருபுறமும் உள்ள பூர்வகுடிகள் காட்டெருமை ஒப்பந்தம் ஒன்றில் கையொப்பமிட்டார்கள்: மந்தைகளைத் தங்கள் நிலங்களுக்கு மீட்டுக்கொண்டுவர. 2017இல் பான்ஃப் தேசியப் பூங்காவில் 16 காட்டெருமைகள் விடப்பட்டன. இதை வனவிலங்குப் பாதுகாப்புச் செய்தியாக மட்டும் படிப்பது போதாது. தங்கள் உணவைத் தாங்களே உண்டாக்கும் உரிமையைத் திரும்பக் கேட்கிறார்கள். அது 1814இல் ஓர் ஆணையால் கேள்விக்குள்ளான உரிமை.

எல்லைப் போர்களின் வரலாற்றைத் துப்பாக்கியிலும் ஒப்பந்தத்திலும் மட்டும் தேடினால் வென்றவரின் விளக்கமே கிடைக்கும். யார் சமைத்தார்கள், யார் சாப்பிட்டார்கள், எந்த நாளில் அந்த உறவு தலைகீழானது என்று கேட்டால் வேறு விடை வருகிறது. எந்தக் குடியேற்ற நாட்டின் வரலாற்றைக் கையில் எடுத்தாலும் நாம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.